லென்ஸுக்காக நகையை அடகு வைக்கலாமா?



சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் மாலை. அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். முன்பு என்னிடம் இயற்பியல் படித்த மாணவன் ஒருவன் தன் தந்தையுடன் வந்தான். வீராம்பட்டினத்துப் பையன். தந்தை கடலுக்குப் போகிறவர். பையன் படித்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும் ஒருவருக்கு உதவியாளனாகப் போய் வருகிறான். பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்திருக்கிறான். அதனுடன் வந்த 18 முதல் 55 மி.மீ. வரையிலான ஜூம் லென்ஸ் மட்டுமே அவனிடம் உண்டு. 'கிட் லென்ஸ்' என்று சொல்கிறார்களே, அதுதான்.

"ராத்திரி எடுக்கற படமெல்லாம் கலங்கிப் போவுது சார். கடையில கேட்டேன். எஃப் 1.2 லென்ஸ் வாங்கினாத்தான் சரியா வரும்னு சொல்றாங்க" என்றான் பையன்.

"பக்கத்துலயே விலை கம்மியா எஃப் 1.8ன்னு ஒண்ணு இருந்துது. அது வெறும் பிளாஸ்டிக்கு, பொம்மை மாதிரின்னுட்டாங்க. பெரிசையே வாங்கிக் குடுத்துடலாம்னு பாக்கறேன் சார். இவங்கம்மா நகை இருக்குது, வச்சுக்கலாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் தந்தை.

அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அடகுக் கடைக்குப் போகவிருக்கும் நகையைப் பற்றி இயற்பியல் ஆசிரியன் ஒருவன் சும்மா ஒரு வார்த்தை சொல்லிவிட முடியுமா? கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா? அன்று நாங்கள் மூவரும் திண்ணையில் போட்ட கணக்கையும், அதற்குப் பிறகு செய்து பார்த்த சோதனைகளையும்தான் இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நகையை அடகு வைக்கத் தேவையில்லை. அந்தப் 'பொம்மை' லென்ஸே போதும். ஆனால் நான் சொல்கிறேன் என்பதற்காக இதை நம்பாதீர்கள். காரணங்களைப் பாருங்கள்.

எஃப் எண் என்றால் என்ன?

லென்ஸின் முகப்பில் 50 மி.மீ., 1:1.8 என்று எழுதியிருப்பார்கள். 50 மி.மீ. என்பது குவியத் தூரம். பத்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். 1.8 என்பது அந்தக் குவியத் தூரத்தை, ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். அப்படியானால் துளையின் விட்டம் என்ன? 50ஐ 1.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 28 மி.மீ.

துளை பெரிதாக இருந்தால் ஒளி அதிகம் நுழையும். இது எளிதில் விளங்கும். மழையில் செம்பை வைத்தால் பிடிக்கும் நீரைவிட அண்டாவை வைத்தால் பிடிக்கும் நீர் அதிகம் அல்லவா? ஆனால் அதைக் குவியத் தூரத்தோடு ஏன் ஒப்பிட வேண்டும்? குவியத் தூரம் கூடக்கூட, உள்ளே விழும் பிம்பமும் பெரிதாகிக்கொண்டே போகும். ஒரே கரண்டி மாவைச் சிறிய தோசையாக வார்த்தால் தடிமனாக இருக்கும். பெரிய தோசையாக இழுத்தால் மெல்லியதாகிவிடும். ஒளியும் அப்படித்தான். ஒரே அளவு ஒளி பெரிய பிம்பத்தில் பரவினால் பிரகாசம் குறையும். ஆகவே பிம்பத்தின் பிரகாசத்தைத் தீர்மானிப்பது துளை மட்டுமல்ல. துளைக்கும் குவியத் தூரத்துக்கும் உள்ள விகிதம். எஃப் எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். அதுவும் இருமடி விகிதத்தில் கூடும். எண் பாதியானால் பிரகாசம் நான்கு மடங்காகும்.

இப்போது பையனின் பிரச்சினைக்கு வருவோம். அவனுடைய கிட் லென்ஸை 55 மி.மீ.க்கு நீட்டினால் அதன் எஃப் எண் 5.6. அதாவது துளையின் விட்டம் சுமார் 10 மி.மீ.தான். 5.6ஐ 1.8ஆல் வகுத்தால் 3.1, அதன் இருமடி 9.7. அந்த மலிவு லென்ஸ் ஏறத்தாழ 10 மடங்கு பிரகாசமான பிம்பத்தைத் தரும்! கிட் லென்ஸில் ஒரு படத்துக்கு ஒரு வினாடியில் 10ல் ஒரு பங்கு நேரம் ஒளி தேவைப்பட்டால், இதில் 100ல் ஒரு பங்கு வினாடி போதும். அந்தப் பத்தில் ஒரு வினாடிக்குள் மணப்பெண் தலையைத் திருப்பிவிடுவாள். எடுப்பவரின் கையும் ஆடிவிடும். படம் கலங்கியதற்குக் காரணம் இதுதான். நூறில் ஒரு வினாடியில் இரண்டும் பெருமளவு அடங்கிவிடும். குறைந்த நேரத்தில் வேலை முடிவதால்தான் இத்தகைய லென்ஸை 'வேக லென்ஸ்' என்கிறார்கள். லென்ஸ் எங்கும் ஓடுவதில்லை!

சரி, கடைக்காரர் சிபாரிசு செய்த எஃப் 1.2 லென்ஸ்? 1.8ஐ 1.2ஆல் வகுத்தால் 1.5, இருமடி 2.25. கூடுதலாகக் கிடைப்பது இரண்டேகால் மடங்கு ஒளி. 5.6லிருந்து 1.8க்கு வந்தபோது கிடைத்தது 10 மடங்கு. அதன் பிறகு இன்னும் இரண்டேகால் மடங்கு பெறுவதற்குக் கொடுக்க வேண்டிய விலையோ பத்து மடங்குக்குக் குறையாது.

"ஐயா, வலையில் முதல் பத்துக் கூடை மீனைக் கொஞ்சம் டீசலில் பிடித்துவிட்டீர்கள். கடைசி இரண்டு கூடைக்காகப் பத்து மடங்கு டீசல் போடுவீர்களா?" என்று அவன் தந்தையிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். "அந்த ரெண்டு கூடை வஞ்சிரமா இருந்தா போடுவேன் சார்" என்றார்.

நியாயமான பதில்! அந்த இரண்டு கூடையில் இருப்பது வஞ்சிரமா, வெறும் கழிசலா என்றும் பார்த்துவிடுவோம்.

துளை பெரிதானால் ஆழம் குறையும்

துளை பெரிதாகும்போது, தெளிவாகத் தெரியும் தூர எல்லை குறுகிக்கொண்டே வரும். இதற்குப் புல ஆழம் என்று பெயர். 50 மி.மீ. லென்ஸை அவனுடைய கேமராவில் பொருத்தி, ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருப்பவரைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எஃப் 1.8ல் புல ஆழம் சுமார் 6 செ.மீ.; எஃப் 1.2ல் சுமார் 4 செ.மீ.

உங்கள் நண்பனின் மூக்கு நுனியிலிருந்து காது வரை உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். பத்து செ.மீ.க்குக் குறையாது. அதாவது கண்ணைத் தெளிவாக எடுத்தால் காது கலங்கலாகத்தான் தெரியும். ஒருவர் முகத்துக்கே இப்படி என்றால், மாப்பிள்ளையும் பெண்ணும் முன்பின்னாக நிற்கும் படத்தில்? ஒருவர் தெளிவாக இருப்பார். மற்றவர் பனியில் நிற்பதுபோல் தெரிவார். பெண் வீட்டார் சும்மா விடுவார்களா? ஆகவே துளையை எஃப் 4க்குச் சுருக்கியாக வேண்டும். அப்போது ஆழம் சுமார் 14 செ.மீ. கிடைக்கும். நகையை அடகு வைத்து வாங்கிய அந்தப் பெரிய துளையைக் கல்யாண வீட்டில் முக்கால்வாசி நேரம் மூடித்தான் வைக்க வேண்டியிருக்கும்.

பின்னணியைக் கலங்கடித்து முகத்தை மட்டும் எடுத்துக்காட்ட விரும்பும் கலைஞர்களுக்கு எஃப் 1.2 வஞ்சிரம்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் பையனின் தேவை அது அல்ல.

மலிவு என்றால் மட்டமா?

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். விலை குறைவு, ஆகவே தரம் குறைவு என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு பொருளின் விலை, அதைச் செய்வது எவ்வளவு கடினம், எத்தனை செய்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. 50 மி.மீ. லென்ஸ் மலிவாக இருப்பதற்கு நல்ல இயற்பியல் காரணம் ஒன்று உண்டு.

டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் உள்ளே, லென்ஸுக்கும் ஒளி உணரிக்கும் நடுவில் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புவது அதுதான். படம் எடுக்கும் கணத்தில் அது மேலே எழும்பி வழிவிடும். அது எழும்ப இடம் வேண்டும் அல்லவா? அதனால் லென்ஸைப் பொருத்தும் வளையத்திலிருந்து உணரி வரை கேனான் கேமராக்களில் 44 மி.மீ., நிக்கான் கேமராக்களில் 46.5 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

24 மி.மீ. குவியத் தூரமுள்ள சாதாரண லென்ஸை எடுத்துக்கொண்டால், அதன் பிம்பம் சுமார் 24 மி.மீ. தூரத்திலேயே விழுந்துவிடும். உணரியை எட்டாது. அதை எட்டச் செய்ய, முன்புறம் குழிலென்ஸ் அமைப்பு ஒன்றைச் சேர்த்து ஒளியை முதலில் விரித்துவிட்டுப் பிறகு குவிக்க வேண்டும். கண்ணாடிகளின் எண்ணிக்கை கூடும், பிழைகள் கூடும், அந்தப் பிழைகளைத் திருத்த மேலும் கண்ணாடிகள் கூடும். 50 மி.மீ. லென்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் பிம்பம் இயல்பாகவே சரியான இடத்தில் விழுகிறது. குவியத் தூரத்தை மாற்ற வேண்டிய அவசியமும் இல்லாததால், ஜூம் லென்ஸில் உள்ளதுபோல் முன்னும் பின்னும் நகரும் குழுக்களும் வேண்டியதில்லை. இப்படி ஒரே குவியத் தூரம் கொண்டதைப் 'பிரைம் லென்ஸ்' என்பார்கள்.

இதன் அமைப்பும் புதியதல்ல. கணித மேதை காஸ் 1817ல் தொலைநோக்கிக்காக இரண்டு கண்ணாடிகள் கொண்ட ஓர் அமைப்பை வகுத்தார். அத்தகைய அமைப்புகள் இரண்டை எதிரெதிராக வைத்துப் பார்த்தவர் அமெரிக்கரான ஆல்வன் கிளார்க், ஆண்டு 1888. ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 1896ல் இதை ஆறு கண்ணாடி கொண்ட சமச்சீர் லென்ஸாக வளர்த்தார். எதிரெதிராக வைப்பதில் என்ன லாபம்? முன்பாதி ஒரு பக்கமாகச் செய்யும் சில பிழைகளைப் பின்பாதி எதிர்ப்பக்கமாகச் செய்து ஈடுகட்டிவிடுகிறது. நேர்கோடு வளைந்து தெரிவது, ஓரத்தில் நிறம் பிரிவது போன்ற பிழைகள் இதனால் பெரிதும் குறைந்துவிடுகின்றன.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடும். பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். போவது மட்டுமல்ல, உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். இதற்கு மருந்து 1935ல் கிடைத்தது. ஸைஸ் நிறுவனத்தின் ஸ்மகூலா, கண்ணாடி மேல் மிக மெல்லிய படலம் பூசிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் முறையைக் கண்டார். லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவாகவும் பச்சையாகவும் மின்னுகிறதே, அந்தப் பூச்சுதான். சோப்புக் குமிழியின் நிறத்துக்குக் காரணமான அதே குறுக்கீட்டு விளைவு!

கேனான் நிறுவனம் 1990ல் வெளியிட்ட 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும், 2015ல் அதற்குப் பதிலாக வந்த எஸ்.டி.எம். வகையும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவைதான். இரண்டிலும் ஆறே கண்ணாடிகள், ஐந்து குழுக்களாக. பழையதில் பொருத்தும் வளையம் பிளாஸ்டிக். எடை வெறும் 130 கிராம். புதியதில் வளையம் உலோகம். எடை சுமார் 160 கிராம். நூறாண்டுகளுக்கு மேல் பலர் மெருகேற்றிய வடிவத்தை லட்சக்கணக்கில் செய்து தள்ளுவதால் அது மலிவாகக் கிடைக்கிறது. நம் ஊரில் இட்லி மலிவு. அதனால் அது மட்டமான உணவா என்ன?

இனி சோதனை

கணக்கு போதும், கையால் தொட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். நண்பர் ஒருவரிடமிருந்து அந்தப் 'பொம்மை' லென்ஸை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். நாங்கள் செய்த சோதனைகளை நீங்களும் செய்யலாம். லென்ஸ் வழியாகச் சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்காதீர்கள். கண் போய்விடும்.

முதல் சோதனைக்குக் கேமராவே தேவையில்லை. இருட்டறையில், சன்னலுக்கு எதிரே வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்து, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தினோம். எதிர்வீட்டுத் தென்னைமரம் தலைகீழாகத் தாளில் வந்து நின்றது. அப்போது பொருத்தும் வளையத்திலிருந்து தாள் வரை உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்தோம். 44 மி.மீ.யை ஒட்டி வந்தது! பிறகு லென்ஸைச் சற்றுத் தள்ளி வைத்து, முன்புறமாகப் பார்த்து, ஒளிரும் வட்டத்தின் விட்டத்தை அளந்தோம். ஏறத்தாழ 28 மி.மீ. நிறுவனம் எழுதியிருக்கும் எண்ணை நாமே சரிபார்த்துவிட்டோம். (நிக்கான் லென்ஸாக இருந்தால், கழற்றிய நிலையில் துளை சுருங்கிக்கொள்ளும். பின்புறமுள்ள சிறு நெம்புகோலைத் தள்ளிப் பிடிக்க வேண்டும்.)

இரண்டாவது சோதனை, செய்தித்தாள் சோதனை. விளம்பரப் பக்கம் ஒன்றைச் சுவரில் தட்டையாக ஒட்டி, கேமராவை முக்காலியில் நிறுத்தி, எஃப் 1.8, 2.8, 5.6 என மூன்று நிலைகளில் எடுத்தோம். 1.8ல் நடுவில் உள்ள எழுத்துகளைப் படிக்க முடிந்தது. ஆனால் மேலே மெல்லிய பால்படலம் படிந்ததுபோல் இருந்தது. மூலைகளில் எழுத்துகள் குழம்பின. 2.8ல் படலம் விலகிவிட்டது. 5.6ல் மூலை வரை தெளிவு. காரணம் என்ன? லென்ஸின் விளிம்பு வழியே வரும் ஒளியும், நடு வழியே வரும் ஒளியும் ஒரே இடத்தில் குவிவதில்லை. இது கோளப் பிறழ்ச்சி. துளையைச் சுருக்கினால் விளிம்பு ஒளி தடைபடுகிறது, பிழையும் மறைகிறது.

மூன்றாவது, ஊசித்துளைச் சோதனை. அலுமினியத் தாளில் ஊசியால் வரிசையாகத் துளையிட்டு, பின்னால் விளக்கை வைத்து எடுத்தோம். எஃப் 1.8ல் நடுவில் இருந்தவை புள்ளிகளாகவே இருந்தன. ஓரத்தில் இருந்தவை சிறகு முளைத்த பூச்சிகளைப்போல் தெரிந்தன. ஆக, குறையே இல்லாத லென்ஸ் அல்ல இது. ஆனால் குறை எங்கே இருக்கிறது, எப்போது மறைகிறது என்று இப்போது நமக்குத் தெரியும்.

கடைசிச் சோதனைக்கு வீராம்பட்டினத்துக்கே போனோம். செங்கழுநீரம்மன் கோவில் ஆடித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. இரவு வீதியில் குழல் விளக்கு வெளிச்சம் மட்டுமே. பையன் இரு லென்ஸ்களையும் மாற்றி மாற்றிப் பொருத்தி எடுத்தான். கிட் லென்ஸில் நாதஸ்வரக்காரரின் விரல்கள் புகையாகத் தெரிந்தன. 50 மி.மீ. லென்ஸில் விரல்களை எண்ண முடிந்தது.

ஆனால் இரண்டு இடங்களில் அந்த மலிவு லென்ஸ் தோற்றது. இருட்டான மூலையில் முகத்தைக் குவிக்க முடியாமல் அதன் மோட்டார் முன்னும் பின்னும் தடுமாறியது. அதற்குள் சாமி நகர்ந்து போய்விட்டது! இன்னொன்று, திருவிழா முடிந்து அவர்கள் வீட்டில் குடும்பப் படம் எடுக்க முயன்றபோது நேர்ந்தது. அவனுடைய கேமராவின் உணரி 22.3 மி.மீ. அகலமே உடையது. மூன்று மீட்டர் தூரத்தில் நின்றால் 50 மி.மீ. லென்ஸில் சுமார் 1.3 மீட்டர் அகலம்தான் அடங்கும். பையன் சுவரில் முதுகை ஒட்டி நின்றும் பாட்டி படத்துக்குள் வரவில்லை. "என்னை உட்டுட்டு எடுக்கறியாடா?" என்று பாட்டி கோபித்துக்கொண்டார்! கிட் லென்ஸை 18 மி.மீ.யில் வைத்துத்தான் அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. சிறிய அறைகளில் அதிகம் எடுப்பவருக்கு 35 மி.மீ. பிரைம் லென்ஸ் பொருத்தமானது. நிக்கான் நிறுவனம் 2009ல் வெளியிட்ட 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இத்தகைய சிறிய உணரிகளுக்காகவே செய்யப்பட்டது. முன்பு சொன்ன கண்ணாடி இடைவெளிக் காரணத்தால் அதில் எட்டுக் கண்ணாடிகள் உள்ளன.

நான் ஏமாந்த கதை

இன்று கேமரா நிறுவனங்கள் தங்கள் கவனத்தைக் கண்ணாடியில்லாத வகைக் கேமராக்களுக்குத் திருப்பிவிட்டன. அதனால் பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களும் லென்ஸ்களும் குறைந்த விலைக்கு நிறைய விற்பனைக்கு வருகின்றன. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே வாங்கிவிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு லென்ஸ் வாங்கினேன். கடையின் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் விளக்கை ஒருபுறம் காட்டி மறுபுறம் பார்த்தால், உள்ளே சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது! நம் கடலோர ஈரக்காற்றில் லென்ஸுக்கு இதுதான் முதல் எதிரி. பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். ஆகவே டார்ச் இல்லாமல் பழைய லென்ஸ் வாங்கப் போகாதீர்கள். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைப்பதைவிட அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவது லென்ஸுக்கு நல்லது.

இன்னொரு கேள்வியும் எழலாம். "என் செல்போனிலும் எஃப் 1.8 என்றுதானே போட்டிருக்கிறது? அது போதாதா?" என்பீர்கள். நல்ல கேள்வி. செல்போன் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 5, 6 மி.மீ. அளவே இருக்கும். 6ஐ 1.8ஆல் வகுத்தால் துளை சுமார் 3 மி.மீ.தான். பிம்பத்தின் பிரகாசம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் அது விழும் உணரி மிகச் சிறியது. தோசையின் தடிமன் ஒன்றே. ஆனால் ஒன்று ஊத்தப்பம், மற்றது காசு அளவு. மொத்த மாவு எதில் அதிகம்? மொத்த ஒளி குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். செல்போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்துக் கணக்கிட்டுச் சேர்த்து இதை மறைக்கிறது. அந்தத் திறமையைப் பாராட்டலாம். ஆனால் கழற்றி, அளந்து, தாளில் தென்னைமரத்தைப் பிடித்துப் பார்க்க முடியாது.

என் மனக்குறையும் இதுதான். லென்ஸ் சமன்பாட்டை எழுதி முழு மதிப்பெண் வாங்குகிற மாணவன், கடையில் லென்ஸைக் கையில் வாங்கியதும் அதைக் கணக்கிட்டுப் பார்க்காமல், விற்பவர் சொல்வதை அப்படியே கேட்டுக்கொள்கிறான். தவறு அவனுடையதல்ல. வகுப்பில் அவன் கையில் நாங்கள் கொடுத்தது சுண்ணாம்புக் கட்டியால் வரைந்த லென்ஸ்! அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடியை உருக்கி, மெல்லிய குழாயாக இழுத்து, மணிகளாக நறுக்கிய இடம் அது. 1945ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். அந்த மணிகளைச் செய்தவர்கள் கண்ணாடியைக் கையால் அறிந்தவர்கள். அதே மண்ணில் படிக்கும் நம் பிள்ளைகள் கண்ணாடியைத் தேர்வுத்தாளில் மட்டும் அறிந்தால் போதுமா? ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் பயன்படுத்திய 50 மி.மீ. பிரைம் லென்ஸ் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் கருத்து. குவியத் தூரம், பிம்பம், பிறழ்ச்சி, குறுக்கீடு ஆகிய நான்கு பாடங்கள் அந்த 160 கிராமுக்குள் இருக்கின்றன.

தை மாதத்தில் பையன் மீண்டும் வந்தான். கையில் பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்று. டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்து வாங்கியிருக்கிறான். மூன்று கல்யாணங்களில் அதைப் பயன்படுத்திவிட்டானாம். முகங்களுக்கு 50 மி.மீ., கூட்டத்துக்குக் கிட் லென்ஸ் என்று பிரித்துக்கொண்டதாகச் சொன்னான். இருட்டில் குவிப்பதுதான் இன்னும் தகராறு செய்கிறதாம். கையால் திருகிக் குவிக்கப் பழகி வருகிறான்.

"அம்மாவின் நகை?" என்று கேட்டேன்.

"தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு இருக்கட்டும்னு வச்சிருக்காங்க சார்" என்றான்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ பழைய கேமரா லென்ஸ் ஏதாவது இருந்தால், பெரியவர்களிடம் கேட்டு வாங்கி, அதன் துளையை அளந்து, எழுதியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு கத்துக்குட்டிக் கணக்கு ஒன்று: எஃப் 1.4 லென்ஸ் ஒன்றை வாங்கினால், எஃப் 1.8ஐவிட எத்தனை மடங்கு ஒளி கூடுதலாகக் கிடைக்கும்? அதற்காக எவ்வளவு பணம் கூடுதலாகக் கொடுக்கலாம்? முதல் கேள்விக்கு ஒரே விடைதான். இரண்டாவதற்கு உங்கள் வீட்டில் கலந்து பேசித்தான் விடை காண வேண்டும்.